ஐந்தாம் கிழமை, தண்ணீரே இறங்க மாட்டேன் என்கிறது. புட்டு எப்போது சாப்பிடலாம்?

வாவிக்கரை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம், வயது 38, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். போன மாதம் கொழும்பில் வயிற்றைச் சின்னதாக்கும் ஒப்பரேஷன் செய்தேன். ஸ்லீவ் என்று சொல்வார்களே, வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழாய்போல விட்டுவைப்பது, அது. நாளைக்கு ஐந்து கிழமை முடிகிறது. 118 கிலோவில் போனேன், இன்று காலை 105. சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தபடியால்தான் டொக்டர்மார் இதைச் சொன்னார்கள். அழகுக்காகச் செய்யவில்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன், யாராவது கீழே அதைத்தான் கேட்பார்கள் என்று தெரியும்.

சாப்பாடுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். வந்து பார்த்தால் தண்ணீர். முன்பு பள்ளிக்கூடத்தால் வந்ததும் செம்பை எடுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடிக்கிற ஆள் நான். இப்போது இரண்டு மிடறு குடித்தால் நெஞ்சுக்குழிக்குள் கல்லு வைத்ததுபோல நிற்கிறது, அது இறங்கும்வரை நிமிர்ந்திருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு நாளைக்கு ஒன்றரை லீட்டர் குடிக்கச் சொல்லித் தாளில் எழுதித் தந்திருக்கிறார்கள். போத்தலில் அளந்து பார்த்தேன், 700 மில்லிலீட்டரைத் தாண்டவில்லை. இங்கே இப்போது கச்சான் என்கிற வறண்ட சூட்டுக் காற்று வேறு, காலை ஒன்பது மணிக்கே தோலை உரிக்கிறது. எழும்பி நின்றால் கண் இருட்டுகிறது, சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகிறது. அடுத்த கிழமை லீவு முடிகிறது. ஏழரைக்கு மணி அடித்தால் இன்டவல் வரைக்கும் வகுப்பில் நின்று கத்துகிற வேலை, இதற்குள் எப்போது குடிப்பது என்று விளங்கவில்லை.

மற்றது புட்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மா புட்டு அவித்து, பால் மீன் சொதியும் வைத்திருந்தா. அந்த மணத்துக்கு நான் எப்படித் தாங்குவேன்? சொதியில் ஊறவைத்தால் மெதுவாகத்தானே இருக்கும் என்று நினைத்து மூன்று வாய் எடுத்தேன். மூன்றாவது வாய் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. இறங்கட்டும் என்று அரைக் கிளாஸ் தண்ணீரை ஊற்றினேன், அதுதான் பெரிய பிழை. வாயெல்லாம் நுரைநுரையாக, முட்டை வெள்ளைக் கருபோல ஊறி ஊறி வந்தது. ஒரு மணித்தியாலம் கிணற்றடியில் குந்தியிருந்தேன். அம்மா பயந்து அழுதுவிட்டா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, மூன்று வாய்ப் புட்டுக்கு இந்தப் பாடா என்று.

வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை. அம்மாவுக்கு நான் கஞ்சி குடிக்காமல் மெலிகிறேன் என்று கவலை, மெலியத்தானே இவ்வளவு காசையும் கொட்டினேன் என்றால் விளங்குதில்லை. பக்கத்து வீட்டு மாமி சோடா குடித்தால் ஏப்பம் வந்து அடைப்பு எடுபடும் என்கிறா. வைகாசியில் அம்மன் கோயில் சடங்குக்கு ஊர் முழுக்க வரும், பொங்கல் தட்டை நீட்டினால் என்ன சொல்வது?

யாராவது இந்தப் பாதையில் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தால் ஆளைப் பிடிக்கவே அரை நாள் போகிறது. இங்கே நேரில் கேட்க எனக்கு ஒருவரும் இல்லை.


பாலத்தடிப் பொடியன்

டீச்சர் குறை நினைக்கக் கூடாது. எங்கட ஆட்கள் எல்லோரும் இப்போது எதற்கெடுத்தாலும் ஒப்பரேஷன். விடியப் புறம் கல்லடிப் பாலத்தில் ஏறி இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு நாலு தரம் நடந்து, இரவுச் சோற்றையும் நிற்பாட்டினால் ஆறு மாதத்தில் தானாகக் குறைந்திருக்கும். நான் 9 கிலோ குறைத்தேன். வயிற்றை வெட்டிப்போட்டு இப்போது தண்ணீர் இறங்கவில்லை என்றால் என்ன செய்வது?


சஹனில் நாலு வாய்

தங்கச்சி, மேலே உள்ள தம்பியை விடுங்கள், 9 கிலோ குறைக்கிற ஆளுக்கும் 50 கிலோ குறைக்க வேண்டிய ஆளுக்கும் பாலம் ஒன்றல்ல.

நான் காத்தான்குடி. எனக்கு பைபாஸ் செய்து மூன்று வருடம். உங்களுடையது ஸ்லீவ், என்னுடையதில் வயிற்றின் மேல் நுனியில் ஒரு சின்ன முட்டை அளவுக்குப் பை செய்து, அதைக் குடலில் கொஞ்சம் கீழே கொண்டுபோய்த் தைத்துவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு வேலை, ஆனால் முதல் மூன்று மாதப் பாடு ஏறக்குறைய ஒன்றுதான்.

தண்ணீரைப் பற்றி முதலில் சொல்கிறேன். உங்களுக்கு இப்போது சாப்பாடு இரண்டாம் வேலை, குடிக்கிறதுதான் முதல் வேலை, சம்பளம் இல்லாத முழுநேர வேலை. தையல் போட்ட இடம் உள்ளே வீங்கித்தான் இருக்கும், அதனால் இறுக்கம். நாள் போகப் போக அது விடும். அதுவரைக்கும் கிளாஸையும் செம்பையும் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். இருமல் பாணிப் போத்தலோடு ஒரு குட்டிக் கப்பு வருமே, 30 மில்லி பிடிக்கும், அதில் குடியுங்கள். கணக்குப் பாருங்கள்: விழித்திருப்பது 15 மணித்தியாலம் என்றால், மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் குடிக்காமல் இருப்பதற்கும் மூன்று மணித்தியாலம் போய்விடும். மிச்சம் 12. ஒன்றரை லீட்டரை 12ஆல் பிரித்தால் மணிக்கு 125 மில்லி, அதாவது கால் மணிக்கு ஒரு குட்டிக் கப்பு. அதையும் ஒரே வாயில் இல்லை, மூன்று நாலு சிப்பில். அண்ணாந்து குடிக்கிறபோது காற்றும் சேர்ந்து போகும், அதுதான் கல்லுப்போல நிற்பது. ஸ்ட்ரோவும் வேண்டாம், அதுவும் காற்றை இழுக்கும். என் கைத்தொலைபேசியில் கால் மணிக்கொருதரம் மணி அடிக்க விட்டிருந்தேன், பள்ளியில் தொழுகைக்கு நிற்கும்போது அடித்து எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நடுக்கத்தில் போட்டுவிட்டேன்.

வெறும் தண்ணீர் எனக்கும் பாரமாகத்தான் இருந்தது, குளிர்ந்தது என்றால் இன்னும் மோசம். வெதுவெதுப்பாக மல்லித்தண்ணி சீனி இல்லாமல், அல்லது இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி நல்ல மெல்லியதாக, அல்லது ரசத்தைத் துணியில் வடித்து. இதெல்லாம் கணக்கில் சேரும், தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. இளநீர் குடிக்கலாம், ஆனால் அதில் சீனி இருக்கிறது, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொஞ்சமாக. சோடா கிட்டவும் போகாதீர்கள். மாமி சொல்லும் ஏப்பம் பழைய வயிற்றுக்கு வரும், இந்தக் குழாய்க்குள் அந்த வாயு போனால் எங்கே போவது?

புட்டுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களே, மதகு அடைபட்டிருக்கும்போது குளத்தைத் திறந்துவிட்டதுபோல அது. அடைத்தால் ஒன்றையும் ஊற்றாமல் எழும்பி மெதுவாக நடக்க வேண்டும், தானாக இறங்கும் அல்லது வெளியே வரும். அந்த நுரை எனக்கும் வந்தது, ஒரு கொத்து ரொட்டித் துண்டுக்கு, இரண்டாம் மாதத்தில், ரோட்டோரத்தில். யாரும் பார்க்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

புரதத்துக்கு நான் எருமைத் தயிரில்தான் உயிர் வாழ்ந்தேன். மட்டக்களப்பில் பிறந்து தயிர்ச் சட்டி இல்லாமல் இந்தக் காலத்தைக் கடப்பது பாவம். ஆனால் பாணியும் இல்லை, சீனியும் இல்லை. தயிரைத் துணியில் கட்டி ஒரு இரவு தொங்கவிட்டால் தண்ணி வடிந்து கட்டியாக வரும், அளவு குறையும், சத்து அதற்குள் இறுகி நிற்கும். கொழுப்புக் கூடத்தான், அதனால் ஒரு நாளைக்கு நாலைந்து தேக்கரண்டியோடு நிறுத்தினேன். பாலுக்குள் ஆடை எடுத்த பால்மா இரண்டு மேசைக்கரண்டி கூடப் போட்டுக் கரைப்பேன், அதுவே ஐந்தாறு கிராம் புரதம். எனக்கு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்று எழுதித் தந்திருந்தார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்றால் யோசித்துப் பாருங்கள்.

இனிப்பைப் பற்றி ஒரு கதை. முதல் நோன்புக்கு டொக்டர் பிடிக்கவே விடவில்லை. நோயாளிக்குச் சலுகை இருக்கிறது, பிறகு களாச் செய்யலாம், அதாவது விட்டதைப் பின்னால் பிடிக்கலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத்தும் சொன்னார், விட்டுவிட்டேன். ஆனால் பிடிக்காத நோன்புக்கும் திறக்கிற நேரம் எல்லோரோடும் உட்கார்ந்து மூன்று பேரீச்சம்பழமும் ஒரு கிளாஸ் சர்பத்தும் உள்ளே விட்டேன். இருபது நிமிடம்தான். நெஞ்சு அடிக்கிறது குதிரைபோல, வியர்த்துக் கொட்டுகிறது, வயிறு முறுக்கி ஓட வேண்டியதாயிற்று. மௌத்து வந்துவிட்டது என்றே நினைத்தேன். அதற்கு டம்பிங் என்று பெயராம், சீனி மொத்தமாகக் குடலுக்குள் போய் விழுவதால் வருவது. சிலருக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்து, சீனி இறங்கி நடுங்கும். பைபாஸ்காரருக்குத்தான் இது கூட, ஸ்லீவுக்குக் குறைவு, ஆனால் வராது என்று இல்லை.

உங்கள் சடங்குக் கவலைக்கு என் அனுபவம் இது. எங்கள் கல்யாண வீடுகளில் சஹன் வைத்து ஐந்து ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடுவது. நான் பயந்துபோய் உட்கார்ந்தேன், ஆனால் பொதுத் தட்டில் யார் எத்தனை வாய் எடுத்தான் என்று ஒருவனும் பார்க்கிறதில்லை. நாலு வாய் எடுத்துவிட்டு இறைச்சியைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டால் அவன் துஆச் செய்வான். தனிக் கோப்பை வைக்கிற வீடுதான் ஆபத்து.


வாவிக்கரை டீச்சர்

நானா, மிச்சம் நன்றி. 30 மில்லி கப்பைத் தேடி எடுத்துவிட்டேன், மகனுடைய பழைய காய்ச்சல் பாணிப் போத்தலில் இருந்தது. இன்று காலை ஆறு மணியில் இருந்து பத்து மணிக்குள் 400 போய்விட்டது, ஒப்பரேஷனுக்குப் பிறகு இவ்வளவு போனது இதுதான் முதல் தடவை. கல்லு நிற்கவில்லை.

பாலத்தடித் தம்பி, நானும் நடந்தேன், எட்டு வருடம் நடந்தேன். 11 கிலோ குறைந்து 16 கிலோ கூடியது. அதைப் பேச இங்கே வரவில்லை.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பசி என்பதே இல்லை எனக்கு. பகல் இரண்டு மணிக்குத்தான் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று நினைவு வருகிறது. ஆனால் வாய் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது, தேங்காய்ப்பூவில் புரட்டிய பிட்டு, கருவாட்டுப் பொரியல், எல்லாம் கனவில் வருகிறது. இது எனக்கு மட்டுமா? தலைச்சுற்றும் இன்னும் விடவில்லை, குனிந்து நிமிர்ந்தால் கூடுதலாக.


வார்ட்டு மிஸ்ஸி

டீச்சர், நான் அம்பாறை மாவட்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதி. உங்களைப் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன், ஆனால் உங்கள் இரண்டு பதிவிலும் ஒருவரும் கேட்காத ஒன்று இருக்கிறது. பிரஷர் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குளிசையை இப்போதும் பழைய அளவில் போடுகிறீர்களா? சீனிக் குளிசையும்?

13 கிலோ குறைந்து, நாளைக்கு 700 மில்லி குடித்து, கச்சானுக்குள் வியர்த்துக்கொண்டு, பழைய பிரஷர் குளிசையையும் போட்டால் எழும்பும்போது கண் இருட்டாமல் என்ன செய்யும்? அதிலும் சிறுநீர் போக வைக்கிற வகைக் குளிசை என்றால் இன்னும் மோசம். சீனிக்கும் அப்படித்தான், இந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு சில நாட்களிலேயே சீனி இறங்கத் தொடங்கிவிடும், சில வகைக் குளிசையும் இன்சுலினும் பழைய அளவில் போனால் ஆளையே விழுத்திவிடும். நீங்களாக நிற்பாட்ட வேண்டாம். நாளைக்கே கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் இருந்தும் நின்றும் பிரஷர் பார்த்து, சீனியும் பார்த்து, டொக்டரிடம் கொழும்பு ஆஸ்பத்திரியில் விடும்போது தந்த டயக்னோசிஸ் கார்டைக் காட்டிக் கேளுங்கள். அந்தக் கார்டை லமினேட் பண்ணி எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள்.

ஏன் என்றால், இந்த ஒப்பரேஷன் செய்தவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. சத்தியோடு வந்தால் வழக்கமான சத்தி என்று நினைத்துக் குளுக்கோஸ் சேலைன் ஏற்றிவிடக் கூடும். நாட்கணக்கில் சத்தி எடுத்துச் சாப்பிடாமல் இருந்தவருக்கு உடம்பில் விற்றமின் பி1 தீர்ந்துபோயிருக்கும், அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் போனால் மூளையையும் நரம்பையும் தாக்கலாம். அதனால் போனவுடனேயே வாய் திறந்து சொல்ல வேண்டும், எனக்கு வயிற்றைச் சின்னதாக்கிய ஒப்பரேஷன் நடந்தது, இத்தனை நாளாகச் சத்தி என்று. வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன்.

காத்தான்குடி நானா சொன்னதுபோல இறுக்கம் நாள் போகப் போகக் குறைய வேண்டும். குறையாமல், போன கிழமை இறங்கிய கஞ்சித் தண்ணிகூட இந்தக் கிழமை இறங்கவில்லை என்று திரும்பிப் போனால் உள்ளே ஒடுங்கியிருக்கலாம், கமரா விட்டுப் பார்த்து விரிக்க வேண்டி வரும். ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டும் நிற்காமல் சத்தி, காய்ச்சல், இருந்தபடியே நெஞ்சு படபடப்பு, இடது தோள்பட்டையில் குத்து, கறுப்பாக மலம், இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று பார்க்காமல் அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடியுங்கள்.

நோவுக்குப் பனடோல் மட்டும். கடையில் வாங்கும் மற்ற நோக் குளிசைகள், டிஸ்பிரின் உட்பட, புண் ஆக்கும். விற்றமின், இரும்பு, கல்சியம், பி12 எல்லாம் உயிருள்ளவரை, தலைமுடி கொட்டாவிட்டாலும்கூட. இரும்பையும் கல்சியத்தையும் சேர்த்து விழுங்க வேண்டாம், இரண்டு மணித்தியாலம் தள்ளி. இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடுகிற பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது, தேத்தண்ணி இரும்பை உறிஞ்ச விடாது.

பசி இல்லாதது உங்களுக்கு மட்டும் இல்லை. பசியைக் கிளப்புகிற ஹோர்மோன் கூடுதலாகச் சுரக்கிற பகுதியைத்தான் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அதனால் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.


தாளங்குடா அக்கா

பிள்ளை, எனக்கும் ஸ்லீவ்தான், இரண்டு வருடம் ஆகிறது. மிஸ்ஸியும் நானாவும் பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார்கள், நான் அடுப்படிக் கதை சொல்கிறேன்.

புட்டு மெதுவாக இருக்கிறதென்று நாங்கள்தான் நினைக்கிறோம். வாய்க்குள் உதிரும், ஆனால் உள்ளே போய் ஈரத்தோடு சேர்ந்து திரண்டு களியாகும். பாணும் அப்படித்தான், சோறும் அப்படித்தான். எனக்கு சோறு நாலாம் மாதத்தில் ஒத்துக்கொண்டது, புட்டு எட்டாம் மாதத்தில், அதுவும் இரண்டு மேசைக்கரண்டி, பாண் இன்றைக்கும் இல்லை. ஆளுக்காள் வேறுபடும். இடியப்பம் கொஞ்சம் முந்தி இறங்கியது, சொதியில் ஊறவிட்டு முள்ளுக்கரண்டியால் நசித்து.

இந்தக் கிழமைக்கு உங்களுக்குச் சரியானது அம்மா வைத்த அந்தச் சொதிதான், புட்டு இல்லாமல். மீனை முள் எடுத்து, சொதி விட்டு, பிள்ளைக்கு முதல் முதல் சோறு தீத்துகிறபோது பிசைவோமே அப்படிப் பிசைந்து, தேக்கரண்டியால். தேங்காய்ப் பால் இரண்டாம் பால், மூன்றாம் பால் போதும், முதல் பால் வயிற்றைப் பிரட்டும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பால்சுறா வறை இருக்கிறதல்லவா, எனக்கு ஆறாம் கிழமையில் அதுதான் அமிர்தம், ஆனால் உதிரியாக வறுக்காமல் ஈரமாக எடுக்க வேண்டும். பருப்பைக் கடைந்து, முட்டையைச் சொதிக்குள் உடைத்து ஊற்றி. இறாலும் கணவாயும் நண்டும் வாவிக்கரையில் இருக்கிற எங்களுக்குக் கஷ்டம்தான், ஆனால் கணவாய் ரப்பர், மூன்று மாதத்துக்கு நினைக்கவே வேண்டாம். ஒரு வாய் வைத்தால் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும், கையில் வைத்திருந்தால் அடுத்த வாய் தானாக வந்துவிடும். எனக்கு நிறைந்துவிட்டது என்றால் மூக்கு ஒழுகும் அல்லது ஒரு விக்கல் வரும். உங்களுக்கும் ஏதாவது ஒரு அடையாளம் இருக்கும், கவனித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒரு வாய்கூட இல்லை, கோப்பையில் மிச்சம் இருந்தால் கோழிக்கு.

வாய் கேட்பது பொய் இல்லை. நான் ஒரு நாள் கல்முனைக்குப் பஸ்ஸில் போகும்போது கொத்துக் கடைத் தகரச் சத்தம் கேட்டு அழுதேன். பக்கத்தில் இருந்த மனிசி யாரோ செத்த வீடு என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டா. நாற்பது வருடம் சந்தோஷம் வந்தாலும் சாப்பாடு, துக்கம் வந்தாலும் சாப்பாடு என்று வளர்ந்துவிட்டு, ஒரே காலையில் அதை எடுத்துவிட்டால் மனம் தேடத்தானே செய்யும். பரவாயில்லை, அழுங்கள்.

சடங்குக்கு ஒரு வழி சொல்கிறேன், வயிற்றில் ஒப்பரேஷன் என்று முழுக்கதையும் சொல்ல வேண்டாம், சொன்னால் பாலத்தடிக் கதைதான் வரும். கோயில் பொங்கலை வேண்டாம் என்று சொன்னால் அம்மனுக்குக் குறை என்று நினைப்பார்கள். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, நுனி நாக்கில் ஒரு பருக்கை வைத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று இலையை மடியுங்கள். சர்க்கரைப் பொங்கல் என்றால் அந்தப் பருக்கையோடு சரி.

பள்ளிக்கூடத்துக்கு அதிபரிடம் மட்டும் சொல்லுங்கள். போத்தலை மேசையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கணக்குச் செய்கிறபோது நீங்கள் சிப் அடியுங்கள். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொட்டும், கை நிறைய வரும், பயப்பட வேண்டாம், எனக்குத் திரும்ப வந்துவிட்டது. எண்ணெய்க்குக் காசு செலவழிக்காமல் அதை மீனுக்குக் கொடுங்கள்.


பாலத்தடிப் பொடியன்

டீச்சர், நான் விளங்காமல் எழுதிவிட்டேன். எங்கள் அத்தைக்கும் இதைத்தான் டொக்டர் சொல்லியிருக்கிறாராம், இன்றைக்குத்தான் வீட்டில் சொன்னார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை அவவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.


வாவிக்கரை டீச்சர்

மிஸ்ஸி, உங்களுக்குக் கோயில் கட்டலாம். இன்று காலை போய்ப் பார்த்தேன். இருந்தபடி 100க்கு 64, எழும்பி நின்றால் 84க்கு 56. டொக்டர் பார்த்துவிட்டு முதல் கேட்டதே நீங்கள் கேட்டதுதான். பிரஷர் குளிசையை நிற்பாட்டிவிட்டார், சீனிக் குளிசையைப் பாதியாக்கினார், இரத்தமும் எடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். கொழும்பில் தந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி இருந்தது. சாப்பாட்டுப் பட்டியலுக்குப் பின் பக்கத்தில். நான் சாப்பாட்டுப் பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

நேற்று 1,250 மில்லி. அம்மாவிடம் குட்டிக் கப்பையும் மல்லித்தண்ணிக் கேத்திலையும் ஒப்படைத்துவிட்டேன். சோறு ஊட்ட முடியாத கவலைக்கு அவவுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது, கால் மணிக்கொருதரம் அடுப்படிக்குள் இருந்து சத்தம் வருகிறது. அக்கா சொன்னபடி பகலுக்கு மீன் பிசைந்து தந்தா, நாலு தேக்கரண்டி, இருபத்தைந்து நிமிடம். ஐந்தாவதுக்கு விக்கல் வந்தது, வைத்துவிட்டேன். கோழி இல்லை, பூனை சாப்பிட்டது.

நானா, அந்தத் தயிர் வடிக்கிறது என்ன துணியில்? வீட்டில் இருக்கிற பால் வடியால் தயிரும் சேர்ந்து ஓடுகிறது.


சஹனில் நாலு வாய்

பழைய சாரன் துணி தங்கச்சி. நன்றாகத் துவைத்து, அவித்து, வெயிலில் காயப்போட்டது, இரண்டாக மடித்துக் கட்டுங்கள். தொங்கவிடுகிற இடத்துக்குக் கீழே ஒரு பாத்திரம் வைக்க மறக்காதீர்கள், நான் முதல் நாள் மறந்து உம்மாவிடம் வாங்கிக் கட்டினேன். இந்த வெயிலுக்கு வெளியே வேண்டாம், பிரிஜ்ஜுக்குள் மேல் தட்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள்.